பேரிடருக்குப் பிறகு மக்களின் சுகாதாரத் தேவைகளைக் கணக்கெடுப்பது எப்படி? முதல் முறையாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளம் வடிந்த நான்காம் நாள், நிவாரணப் பொருள் கொடுக்கும் இடத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்தோம். வரிசையில் வந்தவர்களிடமெல்லாம் கேள்வி கேட்டோம். ஒரே நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட படிவங்கள் சேர்ந்தன. அன்றிரவு எண்ணிப் பார்த்தபோது, படுக்கையில் கிடக்கும் நோயாளி உள்ள வீடுகள் அநேகமாக இல்லை என்றது கணக்கு. அதை நம்பி, வீட்டுக்கே போய் மருத்துவம் பார்க்கும் குழு தேவையில்லை என்று முடிவாகிவிட்டது. நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வரிசைக்கு வர முடியாதவர்கள் எங்கள் மேசையை எப்படி எட்டியிருப்பார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வீடு வீடாகப் போனபோதுதான் அவர்களைக் கண்டோம். அந்த ஒரு வாரம் அவர்களுக்கு எப்படிக் கழிந்தது என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அதே தவறு உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நாங்கள் பிறகு கற்றுக்கொண்டு பின்பற்றியது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் வகுத்திருக்கும் ‘கேஸ்பர்’ என்ற முறை. 30 இடங்கள், இடத்துக்கு 7 வீடுகள், மொத்தம் 210 நேர்காணல்கள். இரண்டு மூன்று நாட்களில் களவேலை முடிந்துவிடும். அதன் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கையேட்டைப் படித்தால் முறை புரியும். ஆனால் களத்தில் எங்கே கால் இடறும் என்பது இறங்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

1. இந்தக் கணக்கெடுப்புக்கு நேரம் வந்துவிட்டதா என்று பாருங்கள்

முதல் 72 மணி நேரத்தில் இதைத் தொடங்காதீர்கள். அப்போது ஆட்கள் மீட்புப் பணியில் இருப்பார்கள். அந்த நேரத்தில் வேண்டியது விரைவுப் பார்வைதான். வண்டியிலோ நடந்தோ சுற்றிவந்து எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த மருத்துவமனை இயங்குகிறது, குடிநீர்க் குழாயும் மின்சாரமும் எங்கே இல்லை என்று குறித்துக்கொண்டால் போதும். அந்தக் குறிப்புகளைப் பத்திரமாக வைத்திருங்கள். வினாத்தாள் எழுதும்போது அவைதான் கைகொடுக்கும்.

வீடு வீடாகப் போவதற்கு ஏற்ற காலம் ஏறத்தாழ மூன்றாம் நாள் முடிந்ததிலிருந்து இரண்டாம் வாரத்தின் முடிவு வரை. அதற்கு மேல் தள்ளிப்போட்டால், நீங்கள் கண்டுபிடிக்கும் தேவை ஏற்கெனவே நோயாக மாறியிருக்கும். காலராவின் அறிகுறி சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாட்களுக்குள் தெரியும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் வெளிப்படும். டெங்கு பரப்பும் கொசு, முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க 7 முதல் 10 நாட்கள் போதும். உங்கள் நாட்காட்டியில் இந்த மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு அதற்கேற்பத் தேதியை முடிவு செய்யுங்கள்.

இந்த முறை பொருந்தாத இடங்களும் உண்டு. பாதிக்கப்பட்ட பகுதியில் 800 வீடுகளுக்கும் குறைவாக இருந்தால் 30 × 7 வேண்டாம். எல்லா வீட்டுக்கும் போய்விடலாம், அல்லது வீட்டுப் பட்டியலிலிருந்து நேரடியாகக் குலுக்கல் முறையில் எடுக்கலாம். மக்களில் பெரும்பகுதியினர் முகாம்களில் இருந்தாலும் இது உதவாது. இது வீடுகளை மட்டுமே அளக்கும். முகாமுக்குத் தனிப் படிவமும் தனிக் குழுவும் வேண்டும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால், முடிவு முகாமுக்கும் பொருந்தாது, வீட்டுக்கும் பொருந்தாது.

2. பதிலை வைத்து யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

வினாத்தாளுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. சுகாதாரத் துறை, குடிநீர் வழங்குவோர், நிவாரணப் பணியை ஒருங்கிணைப்பவர் ஆகியோரை ஒரே அறையில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். அவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: “அடுத்த பத்து நாட்களில் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் என்ன? எந்தத் தகவல் இருந்தால் அந்த முடிவு மாறும்?”

நடமாடும் மருத்துவக் குழுவை எங்கே அனுப்புவது, குளோரின் மாத்திரை எத்தனை வீட்டுக்கு வேண்டும், தொடர் மருந்து தீர்ந்துபோனவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள், எந்த வழியாகச் செய்தி சொன்னால் மக்களுக்குப் போய்ச் சேரும் என்று பதில்கள் வரும். இந்தப் பட்டியலில் இல்லாத எதைப் பற்றியும் கேள்வி எழுதாதீர்கள். ஆளாளுக்கு “இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்களேன்” என்பார்கள். இழந்த பொருட்களின் மதிப்பைக் கேட்கச் சொல்வார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் இழப்பீடு வரப்போகிறது என்று மக்கள் காத்திருப்பார்கள். உங்களால் கொடுக்க முடியாததைப் பற்றிக் கேட்பது, வீட்டை இழந்து நிற்பவருக்குச் செய்யும் கொடுமை.

3. களத்துக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

அதிக நாட்களை விழுங்குவது இந்தப் பகுதிதான். இரண்டு நாள் களவேலைக்கு எங்களுக்கு ஐந்து நாள் தாள்வேலை ஆனது. பேரிடர் இல்லாத காலத்திலேயே மாதிரிகளைத் தயாரித்து வைத்திருந்தால் இது ஒன்றரை நாளில் முடியும்.

அனுமதிக் கடிதம்: அந்தப் பகுதியின் சுகாதாரத் துறையிடமிருந்தும் உள்ளாட்சி நிர்வாகத்திடமிருந்தும் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி அனுமதியோடு போனால் முதல் தெருவிலேயே யாராவது நிறுத்துவார்கள். எங்களுக்கு அப்படித்தான் அரை நாள் வீணானது. கடிதத்தில் தேதி, பகுதி, நோக்கம், தொடர்புக்கான தொலைபேசி எண் நான்கும் இருக்க வேண்டும். குழுவுக்கு ஒரு நகல் கொடுங்கள்.

நெறிமுறைக் குழுவின் கருத்து: இத்தகைய கணக்கெடுப்பு பல இடங்களில் ஆராய்ச்சியாகக் கருதப்படுவதில்லை. பொதுச் சுகாதாரப் பணியின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆனாலும் அதை நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். “இதற்கு முழு ஆய்வு ஒப்புதல் தேவையில்லை” என்று உரிய குழுவிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். பின்னாளில் முடிவுகளைப் பதிப்பிக்க நினைத்தால் அந்த ஒரு தாள் இல்லாமல் எதுவும் நகராது.

வரைபடமும் வீட்டு எண்ணிக்கையும்: தெரு அல்லது வட்டார அளவில் வீடுகளின் எண்ணிக்கை வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியல் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் புதிதாக முளைத்த குடியிருப்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் இல்லாத குடியிருப்புகள்தான் பெரும்பாலும் தாழ்வான இடத்தில் இருக்கின்றன.

களத்தில் எடுத்துப்போக வேண்டியவை: வினாத்தாள், வாசலில் வாசித்துக் காட்டும் ஒப்புதல் வாசகம், வீட்டுத் தடப்படிவம், அவசரப் பரிந்துரைச் சீட்டு, வீட்டில் கொடுத்துவிட்டு வரும் தகவல் தாள், குழுவினரின் அடையாள அட்டை. தடப்படிவம் என்பது ஒவ்வொரு வாசலிலும் என்ன நடந்தது என்று எழுதும் தாள். திறந்தார்களா, மறுத்தார்களா, பூட்டியிருந்ததா, வீடே இடிந்துபோயிருந்ததா என்பதெல்லாம் அதில் வரும். பலர் இதை அலட்சியமாக நிரப்புவார்கள். நேர்காணல் படிவத்துக்கு எத்தனை மதிப்போ அத்தனை மதிப்பு இதற்கும் உண்டு. காரணத்தை எட்டாம் படியில் பார்ப்போம்.

4. வினாத்தாள்: இரண்டு பக்கம், பதினைந்து நிமிடம்

சேறு வாரிக்கொண்டிருப்பவரை நிறுத்தி வைத்துத்தான் நீங்கள் பேசப்போகிறீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் அவருடைய நேரத்தை எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. கேள்விகள் வீட்டைப் பற்றி இருக்கட்டும், தனி ஆளைப் பற்றி வேண்டாம். “உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா?” என்று கேட்காமல் “இந்த வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா?” என்று கேளுங்கள். 18 வயது நிரம்பிய ஒருவர் வீடு முழுவதற்கும் பதில் சொல்லலாம்.

கேட்க வேண்டியவை என்று நான் கருதுபவை இவை. வீட்டில் எத்தனை பேர், அதில் குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் எத்தனை பேர். வீடு தங்கத் தகுந்ததா. மின்சாரம், குடிநீர், கழிப்பறை இருக்கின்றனவா. பேரிடருக்குப் பின் யாருக்காவது காயம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இருமல், தோல் நோய் வந்ததா. தினமும் எடுக்கும் மருந்து இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது. டயாலிசிஸ், ஆக்சிஜன், சக்கர நாற்காலி போன்றவற்றை நம்பி இருப்பவர் உண்டா. தூக்கமின்மை, பயம், அழுகை அடக்க முடியாமல் வருவது போன்றவை யாருக்காவது இருக்கின்றனவா. செய்திகளை எதன் மூலம் அறிகிறார்கள். இப்போது மிக அவசரமான தேவை எது.

ஜெனரேட்டர் வைத்திருக்கும் வீடுகளில் அது எங்கே ஓடுகிறது என்றும் கட்டாயம் கேளுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். மழைக்குப் பயந்து முன்னறையிலேயே வைத்து ஓட்டுபவர்கள் உண்டு. அப்படிக் கண்டால் படிவத்தில் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்த இடத்திலேயே சொல்லி வெளியே எடுக்க வையுங்கள்.

கேள்வியின் சொற்களில்தான் பெரிய பொறி இருக்கிறது. எங்கள் முதல் வினாத்தாளில் “தண்ணீர் கிடைக்கிறதா?” என்று ஒரு கேள்வி இருந்தது. பத்தில் ஒன்பது பேர் “கிடைக்கிறது” என்றார்கள். ஒரு வீட்டில் என்னோடு வந்த பெண், “ஒரு டம்ளர் காட்டுங்கள் அம்மா” என்று கேட்டார். தெளிவான தண்ணீர்தான் வந்தது. கையில் குளோரின் சோதனைக் குழாய் இருந்தது. சோதனை மாத்திரையைப் போட்டுக் குலுக்கினார். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். ஒரு நிமிடம் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். போட்ட தண்ணீர் போட்டபடியே நிறமற்று இருந்தது. அந்தத் தெருவில் அடுத்த நான்கு வீடுகளிலும் அப்படியே. குழாயில் வரும் நீரில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை எச்சக் குளோரின், அதாவது சுத்திகரித்த பின் நீரில் மிஞ்சும் குளோரின், இருக்க வேண்டும். “கிடைக்கிறது” என்ற பதிலுக்குள் அந்த ஆபத்து அப்படியே ஒளிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான்காக உடைத்தோம். குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நேற்று மொத்தம் எத்தனை குடம்? குடிக்கும் முன் என்ன செய்கிறீர்கள்? எதில் மூடி வைக்கிறீர்கள்? குடத்தின் கொள்ளளவைக் கண்ணால் பார்த்து லிட்டராக மாற்றிக்கொள்ளுங்கள். மனிதநேய உதவிக்கான ஸ்பியர் கையேடு, குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பதும் அதே கையேட்டின் அளவு. இவை கையில் இருந்தால் “போதவில்லை” என்ற புலம்பலாக இல்லாமல், எத்தனை லிட்டர் குறைகிறது என்று எண்ணாகவே சொல்லலாம். தண்ணீர் அனுப்புபவருக்கு அந்த எண்தான் தேவை.

இன்னொரு பிழை, இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டுவது. “உணவும் மருந்தும் கிடைக்கின்றனவா?” என்று கேட்டால், உணவு கிடைத்து மருந்து கிடைக்காதவர் என்ன பதில் சொல்வார்? வினாத்தாள் முடிந்ததும் அந்தப் பகுதியைச் சேர்ந்த, இந்த வேலையில் சம்பந்தப்படாத ஐந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கே தயங்குகிறார்களோ அங்கே சொல்லை மாற்றுங்கள். மக்கள் வீட்டில் வேறு மொழி பேசினால், வாசலில் நின்று மொழிபெயர்க்கும் வேலையைக் குழுவிடம் விடாதீர்கள். முன்கூட்டியே எழுத்தில் மொழிபெயர்த்து வையுங்கள்.

கைப்பேசியில் பதிவு செய்வதானால் கோபோ டூல்பாக்ஸ் என்ற செயலி நல்லது. இணையம் இல்லாத இடத்திலும் இயங்கும். ஆனால் அச்சிட்ட படிவமும் பையில் இருக்கட்டும். பேரிடர் நடந்த இடத்தில் சார்ஜ் ஏற்ற வழி இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

5. வீடுகளைத் தேர்ந்தெடுப்பது: உங்கள் கண்ணும் காலும் முடிவு செய்யக் கூடாது

முதலில் 30 இடங்கள். பகுதியில் உள்ள தெருத் தொகுதிகளை வரிசையாக எழுதி, வீட்டு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 6,300 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். 6,300 ஐ 30 ஆல் வகுத்தால் 210. 1 முதல் 210 க்குள் ஒரு எண்ணைக் குலுக்கலில் எடுங்கள். 137 வந்தால், 137 ஆம் வீடு எந்தத் தொகுதியில் விழுகிறதோ அது முதல் இடம். பிறகு 347, 557 என்று 210 கூட்டிக்கொண்டே போனால் முப்பதும் கிடைத்துவிடும். பெரிய தொகுதி இரண்டு முறை வரலாம். வந்தால் அங்கே 14 வீடுகள் எடுக்க வேண்டும். “ஒரே இடம் இரண்டு தடவை வருகிறதே” என்று நீக்கிவிடாதீர்கள்.

அடுத்தது, ஒவ்வோர் இடத்திலும் 7 வீடுகள். தொகுதியில் 84 வீடுகள் இருந்தால் 84 ஐ 7 ஆல் வகுக்க 12. தொடங்கும் வீட்டை அலுவலகத்திலேயே குலுக்கி வரைபடத்தில் குறித்துவிடுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு பன்னிரண்டாவது வீடு. அடுக்குமாடியானால் எல்லாத் தளத்தையும் எண்ணுங்கள். அடுத்தடுத்து ஏழு வீடுகளுக்குப் போனால் வேலை சீக்கிரம் முடியும் என்று குழுவினர் கேட்பார்கள், விடாதீர்கள். பக்கத்து வீடுகள் ஒரே பள்ளத்தில் இருக்கும், ஒரே குழாயில் நீர் பிடிக்கும். ஏழு வீட்டுக்குப் போயும் ஒரு வீட்டுக்குப் போன பலன்தான் கிடைக்கும்.

6. ஆட்கள், செலவு, நாட்கள்

இருவர் கொண்ட பத்து முதல் பதினைந்து குழுக்கள் போதும். பத்துக் குழு என்றால் குழுவுக்கு மூன்று இடம், 21 நேர்காணல், இரண்டு நாள் வேலை. ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாதவிடாய்த் துணி, கர்ப்பம், வீட்டுக்குள் நடக்கும் வன்முறை பற்றியெல்லாம் ஆண்கள் மட்டும் வந்து நின்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருவர் உள்ளூர்க்காரராக இருந்தால் நல்லது, ஆனால் சொந்தத் தெருவுக்கு அவரை அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் மனநிலை பற்றி உண்மை சொல்ல எவருக்கும் கூச்சமாக இருக்கும்.

பயிற்சிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அதில் பாதி நேரம் ஒருவரையொருவர் நேர்காணல் செய்து பழகட்டும். ஆர்வத்தோடு வரும் தன்னார்வலர்களை அப்படியே களத்துக்கு அனுப்பினால், ஆளுக்கொரு விதமாகக் கேள்வி கேட்டுவிட்டு வருவார்கள்.

செலவில் முதலிடம் வண்டிக்கும் எரிபொருளுக்கும். பேரிடர் காலத்தில் வண்டி கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் சுற்றுவழியில்தான் போக வேண்டியிருக்கும். சாதாரண நாளின் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் முதல் நாள் மாலையே பணம் தீர்ந்துவிடும். அடுத்து, குழுவினரின் உணவு, குடிநீர், தினப்படி. வெளியிலிருந்து வருபவர்களுக்கு இவற்றை நீங்களே கொண்டுபோங்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு வைத்திருப்பதில் பங்கு கேட்கும் நிலை வரக் கூடாது. பிறகு அச்சு, மழையில் நனையாத உறைகள், பவர் பேங்க், முழங்கால் வரை வரும் காலணி, கையுறை. மென்பொருளுக்குச் செலவு தேவையில்லை. கணக்குப் போட இலவச மென்பொருளே போதும். முன்பணம் கையில் வரும் முன் தேதியை அறிவிக்காதீர்கள். “செலவு செய்துவிட்டு ரசீது கொடுங்கள்” என்ற ஏற்பாட்டில், ரசீது தரும் கடையே திறந்திராது.

களத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் டெட்டனஸ் தடுப்பூசி பத்தாண்டுகளுக்குள் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். விரிசல் விட்ட கட்டடத்துக்குள் நுழைய வேண்டாம், இருட்டும் முன் எல்லோரும் திரும்பியிருக்க வேண்டும்.

7. வாசலில்

பெயர் சொல்லி, அட்டையைக் காட்டி, எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லுங்கள். அதற்கடுத்த வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: “நாங்கள் பொருள் எதுவும் கொண்டுவரவில்லை. நீங்கள் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உங்களுக்கு வரவேண்டிய உதவி குறையாது.” இதைச் சொல்லும்போது தொண்டை அடைக்கும். இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஆரம்பித்துவிட்டு, கடைசியில் “எங்களுக்கு என்ன தருவீர்கள்?” என்று கேட்கும்போது கைவிரிப்பது இதைவிடக் கடினம். பெயரை எழுதாதீர்கள், ஒளிப்படம் எடுக்காதீர்கள்.

பூட்டிய வீட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டைத் தட்டுவதுதான் இந்த வேலையில் எல்லோரும் செய்யும் தவறு. தேர்வான வீட்டுக்கு வெவ்வேறு நேரங்களில் மூன்று முறை போக வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த வீட்டை மாற்றாக எடுக்கலாம்.

இதை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்கிறேன். இரண்டாம் மாடியில் ஒரு வீடு. காலையில் தட்டினோம், பதில் இல்லை. மதியமும் இல்லை. “அங்கே ஆளே இல்லை, ஊருக்குப் போய்விட்டார்கள்” என்றார் கீழ்வீட்டுக்காரர். விதிப்படி மூன்றாவது முறை மாலையில் ஏறினோம். தட்டிவிட்டு நின்றோம். உள்ளே எதையோ இழுத்துக்கொண்டு வரும் ஓசை கேட்டது. கதவு திறக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். திறந்தவர் ஒரு கையால் சுவரையும் மறு கையால் நாற்காலியின் முதுகையும் பிடித்துக்கொண்டிருந்தார். கால்கள் வீங்கி, கொலுசு அளவுக்கு மேல் தோல் பளபளத்தது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியவர். இரண்டு முறை தவறிவிட்டிருந்தது. காலையிலும் நாங்கள் தட்டியது அவருக்குக் கேட்டிருக்கிறது. எழுந்து வருவதற்குள் நாங்கள் இறங்கிப் போய்விட்டோம் என்றார்.

அங்கேயே அவசரப் பரிந்துரைச் சீட்டை நிரப்பி ஒருங்கிணைப்பாளரை அழைத்தோம். அன்றிரவே அவரைச் சுமந்து இறக்கினார்கள். அதனால்தான் சொல்கிறேன்: அந்தச் சீட்டில் இருக்கும் எண்ணுக்கு மறுமுனையில் ஓர் ஆள் இருக்கிறாரா, அவரால் வண்டி அனுப்ப முடியுமா என்பதைக் களத்துக்குப் போகும் முன் நீங்களே அழைத்துச் சோதித்துவிடுங்கள். தட்டியபின் குறைந்தது ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்பதையும் அன்றிலிருந்து பயிற்சியில் சேர்த்துவிட்டோம்.

கையில் கொடுக்கும் தகவல் தாள் ஒரே பக்கமாக, பெரிய எழுத்தில் இருக்கட்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் விட வேண்டும். வெள்ளநீரில் நின்றவருக்குக் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மின்சாரம் இல்லை என்று இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டாம், பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குக் கீழே வெளியில் 28 நாட்கள் வரை தாங்கும். பிணங்களால் கொள்ளைநோய் வரும் என்ற பயம் எல்லா இடத்திலும் இருக்கிறது. இயற்கைப் பேரிடரில் இறந்தவர்களின் உடல்கள் பொதுவாகக் கொள்ளைநோயைப் பரப்புவதில்லை. அடையாளம் காணும் முன் அவசரமாகப் புதைப்பதால் குடும்பங்களுக்கு ஆறாத துயரம்தான் மிஞ்சும்.

8. கணக்கு

ஒவ்வொரு நாள் மாலையும் படிவங்களைச் சரிபாருங்கள். மறுநாள் என்றால் குழுவினருக்கு நினைவிருக்காது. பிறகு மூன்று விகிதங்களைக் கணக்கிடுங்கள். முடித்த நேர்காணல்களை 210 ஆல் வகுத்தால் நிறைவு விகிதம். அதையே, மறுத்தவர்களையும் சேர்த்து, ஆளைப் பார்த்துப் பேச முடிந்த வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒத்துழைப்பு விகிதம். தட்டிய எல்லா வீடுகளாலும் வகுத்தால் தொடர்பு விகிதம். பின்னிரண்டுக்கும் தடப்படிவம் இல்லாமல் வழியே இல்லை. தொடர்பு விகிதம் தாழ்ந்தால் ஆட்கள் வீட்டில் இல்லை, ஒத்துழைப்பு தாழ்ந்தால் நம்மை நம்பவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

நிறைவு விகிதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால், அதாவது 168 க்குக் குறைந்தால், முடிவைப் பகுதி முழுவதற்கும் பொருத்திச் சொல்லாதீர்கள். “நாங்கள் பேசிய வீடுகளில் இப்படி” என்று மட்டும் எழுதுங்கள்.

80 க்கு மேல் வந்தால் எடை போட வேண்டும், அதாவது ஒவ்வொரு நேர்காணலும் எத்தனை வீடுகளுக்காகப் பேசுகிறது என்று கணக்கிட வேண்டும். மொத்த வீடுகளை, அந்த இடத்தில் முடித்த நேர்காணல்களையும் 30 ஐயும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 6,300 வீடுகள், 7 நேர்காணல் என்றால் 6,300 ÷ (7 × 30) = 30. அங்கே ஒரு வீடு 30 வீடுகளுக்காகப் பேசுகிறது. ஐந்துதான் முடிந்த இடத்தில் 6,300 ÷ (5 × 30) = 42. இதைப் போடாமல் விட்டால், கதவு திறக்காத இடங்களின் குரல் மேலும் சன்னமாகிவிடும்.

210 நேர்காணலில் வரும் ஒரு விழுக்காடு ஏறத்தாழ ஏழு முதல் பத்துப் புள்ளி வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 41 க்கும் 44 க்கும் வேறுபாடு இருப்பதாக வாதிடாதீர்கள். ஒரு தெருவைத் தனியாக எடுத்து ஏழு வீட்டை வைத்து முடிவு சொல்வதும் கூடாது. “30 விழுக்காடு வீடுகளில் சர்க்கரை நோயாளி” என்றால் 30 விழுக்காடு மக்களுக்குச் சர்க்கரை நோய் என்று பொருள் அல்ல. செய்தியாளர்களிடம் பேசும்போது இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

9. அறிக்கை 48 மணி நேரத்துக்குள்

களவேலை முடிந்த இரண்டு நாட்களில் இரண்டு பக்கத்தில் முதல் அறிக்கை போக வேண்டும். முதல் பக்கத்தில் ஐந்து கண்டுபிடிப்புகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். “குடிநீர்த் தரத்தில் கவனம் தேவை” என்று எழுதினால் அதை யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். “ஏறத்தாழ 1,900 வீடுகளில் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் குடிக்கிறார்கள். வீட்டுக்குப் பத்து நாளுக்கான குளோரின் மாத்திரை வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்” என்ற மாதிரி எழுதினால், அன்றே கிடங்கைத் திறந்து பார்ப்பார்கள். விரிவான அறிக்கையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாம் படியில் ஓர் அறையில் உட்கார வைத்தீர்களே, அதே ஆட்களிடம் இதை நேரில் கொடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்த எங்கள் முதல் அறிக்கை எட்டு நாள் திறக்கப்படாமலே கிடந்தது.

10. அதே தெருக்களுக்குத் திரும்பப் போங்கள்

கண்டுபிடித்ததை அந்த மக்களிடமும் சொல்ல வேண்டும். 30 இடங்களிலும் ஆட்கள் கூடும் ஒரு சுவரில், என்ன தெரிந்தது, என்ன வரப்போகிறது, எது வராது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். எலிக்காய்ச்சலும் டெங்குவும் தலைகாட்டும் மூன்றாம் நான்காம் வாரத்தில், பாதிக் கேள்விகளோடு இன்னொரு சுற்றுக்குத் தேதி குறித்துக்கொண்டால், முதல் சுற்றில் கேட்டது நிறைவேறியதா என்றும் பார்த்துவிடலாம். அப்போது வரைபடத்தில் மூன்று முறை தட்டியும் திறக்காத வீடுகளைத் தனி நிறத்தில் குறித்துக்கொண்டு போங்கள். இரண்டாம் சுற்றின் மாதிரியில் அவை வராவிட்டாலும், குழுவில் ஒருவர் அந்தக் கதவுகளை இன்னொரு முறை தட்டிவிட்டு வரட்டும்.